டூட்டித் துண்டு

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூவருமே வரிசைக்கு வாக்கப்பட்டவர்கள். என் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக கேட்டுக்குள் நுழைவதற்காக எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் லாரியாக நிற்பதுதான் அவர் வேலையில் பெரும்பகுதி, ஓட்டுவது கொஞ்சம்தான். நான் வீட்டில் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறேன். வெட்டிய துணியை வாங்க வண்ணாரப்பேட்டை மொத்தக் கடையில் நிற்பேன், தைத்ததைக் கொடுக்க மறுபடி அங்கேயே நிற்பேன். அது போக ரேஷன், தண்ணீர், ஆஸ்பத்திரி. மகளுக்கு நிற்கவே வராது. ஆனால் எங்கள் தெருவில் எந்த வரிசையிலும் முதலில் போய்க்கொண்டிருந்தவள் அவள்தான். அது எப்படி என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

மகளுக்குப் பதினொரு வயது. பிறந்தவுடன் அழாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளையில் எங்கேயோ அடிபட்டுவிட்டது என்றார்கள். இரண்டு காலும் விறைத்தே இருக்கும். இடது கை மணிக்கட்டில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். வலது கை நன்றாக வேலை செய்யும். பேச்சு இழுக்கும், புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் பாதி புரியாது. எனக்கு எல்லாம் புரியும், சில நேரம் புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும், அப்படி ஒரு வாய் அவளுக்கு. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. "மூளை நல்லா கீதுங்க, கால்தான்" என்று ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீடுகளிலும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருக்கிறது. அப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான்தான் இந்தக் காரியத்தையும் செய்தேன்.

காலையில் அவளை எழுப்புவது ஒரு ஆளை எழுப்புவது மாதிரி இல்லை. ஒவ்வொரு மூட்டாக எழுப்ப வேண்டும். முதலில் கணுக்கால், அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு. தூக்கத்தில் சுருண்டு கிடந்த தசையை அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். முட்டி மேல் ஒரு கையை வைத்து, குதிகாலை இன்னொரு கையில் ஏந்தி, அவள் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது மெதுவாக நீட்ட வேண்டும். பேச்சில் கவனம் போனால்தான் கால் இளகும். அதனால் காலை நேரத்தில் எங்கள் வீட்டில் தெரு வம்பு மொத்தமும் அலசப்படும். யார் வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது. கால் நீண்டு வருகிற நேரமாகப் பார்த்து நெடுஞ்சாலையில் எவனாவது ஏர் ஹாரனை அலற விடுவான். உடம்பு மொத்தமும் தூக்கிப் போடும், நீட்டிய கால் பழையபடி மடங்கிவிடும்.

"உன் வூட்டுக்காரரு ஆளுங்கதான்" என்பாள் மகள். நான் மறுபடியும் கணுக்காலிலிருந்து ஆரம்பிப்பேன்.

பிறகு பல் தேய்ப்பது, கக்கூஸ், குளியல். நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலிதான் எல்லாவற்றுக்கும். வெட்டியவர் என் கணவர். ஓரம் தொடையில் உரசாமல் இருக்க பழைய லாரி டியூபைக் கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறார். குளித்து, உடுத்தி, இரண்டு காலையும் நேராகப் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் பட்டையை மாட்டி, இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு ஊட்டி முடித்தால் அடுத்தது படி. நாங்கள் குடியிருப்பது மாடியில். கைப்பிடிக் கம்பி கடல் காற்றில் துருப்பிடித்து ஆடுகிறது, அதை நம்பிப் பிடிக்க முடியாது. வளர்கிற பெண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்குவேன். கீழே வந்து சேர்ந்ததும் கொஞ்ச நேரத்துக்கு என் இடுப்பு என்னுடையதாக இருக்காது. கீழ் வீட்டு அக்காவின் வாசல் கதவோரம் வீல்சேர் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். அதில் உட்கார்த்தி, தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டு, நடுவில் இரண்டு தடவை ஓடிப்போய் பாத்ரூமுக்குத் தூக்கி உட்கார்த்திவிட்டு வருவேன்.

என் இடது தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். பழைய பூத்துவாலையைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்தது. அவளுக்கு எச்சில் வாயில் நிற்காது. எதிலாவது மும்முரமாகிவிட்டால் இன்னும் அதிகமாக வழியும். நான் துண்டை எடுப்பதும் துடைப்பதும் தோளில் போடுவதும் எனக்கே தெரியாமல் நடக்கிற வேலை. பிற்பாடு வந்த அவமானத்துக்கெல்லாம் இந்தத் துண்டுதான் காரணம் என்று சொல்லிவிட ஆசைதான். துண்டு என்ன செய்யும் பாவம்.

குழாயில் தண்ணீர் நின்றுபோன ஒரு கோடையில் இது தொடங்கியது. தெருமுனைக்கு லாரி வரும். மகளை மாடியில் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, ஹாரன் சத்தத்தில் உடம்பு எகிறி நாற்காலியோடு சாய்ந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் குடங்களோடு அவளையும் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு துவண்டிருந்தது. வெயில் வேறு. தலை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது, வாயோரம் எச்சில். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயே, அந்தப் பொண்ண வெயில்ல வச்சிகினு நிக்கிறா பாரு. வுடுங்கடி, முன்னால போவட்டும்."

குடங்கள் நகர்ந்தன, வழி பிறந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு நடந்ததில் தப்பு எதுவும் இல்லை.

அடுத்த தடவை லாரி வந்தபோது அவள் நன்றாக இருந்தாள். வரிசையில் உட்கார்ந்து எனக்கு முன்னால் நின்றவளின் ஜடையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். லாரி வந்து நின்றது. நான் எதேச்சையாகத் துண்டை எடுத்து அவள் வாயைத் துடைத்தேன். உடனே தலை பொத்தென்று இடது பக்கம் விழுந்தது. நாக்கு கொஞ்சம் வெளியே வந்தது. நன்றாக இருக்கிற வலது கையும் மடங்கிக்கொண்டது. வலிப்பு வந்துவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து முகத்தைப் பிடித்தேன். மூடியிருந்த கண்ணில் ஒன்று லேசாகத் திறந்து எனக்குக் கண்ணடித்தது.

அந்த இடத்திலேயே தலையைப் பிடித்து நிமிர்த்தியிருக்க வேண்டும். நான் குடத்தை முன்னால் நகர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து இருவரும் சிரித்த சிரிப்பை என்ன சொல்ல. "ஐயே பாவம், ஐயே பாவம்" என்று தெருப் பெண்கள் ஒவ்வொருத்தி குரலிலும் அவள் செய்து காட்டினாள். நான் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷமும் நான் அவளுக்குக் காலாக, கையாக, வண்டியாக இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தோம். அது திருட்டு வேலை. அதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியதில் அதுவும் ஒன்று.

அவள் அதற்கு டூட்டி என்று பெயர் வைத்தாள். "நைனா டூட்டிக்குப் போச்சு, இப்ப நாம போலாமா?" என்பாள். வரிசையில் துண்டு தோளிலிருந்து இறங்கினால் டூட்டி ஆரம்பம். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, தானாக அமைந்தது. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி சீட்டு வாங்குகிற இடத்தில், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது. யாரும் எங்களைக் கேள்வி கேட்டதில்லை. வீல்சேரில் தொங்குகிற தலையைப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஆள் இந்த ஊரில் இல்லை. வடசென்னைக்காரர்கள் குழாயடியில் கொலைவெறியோடு சண்டை போடுவார்கள், அதே குழாயடியில் கண் கலங்கி வழியும் விடுவார்கள். அந்த நல்ல மனசை நான் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கீழ் வீட்டு அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்லவள். எங்கள் வீல்சேருக்குக் காவல் அவள்தான், நல்ல மீன் கிடைத்தால் குழம்பு மாடிக்கு வந்துவிடும். ஒருநாள் படியடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"இன்னாமே, பாப்பாவ கொஞ்சம் அனுப்பேன். ரேஷன்ல பாமாயில் வந்துகீதாம், கும்பலு தாங்கல. நீ தச்சிகினு இரு, நான் பாத்துக்கறேன்."

அனுப்பினேன். பெற்ற மகளைக் குடை மாதிரி இரவல் கொடுத்தேன். அவள் கேட்டதைவிட நான் எவ்வளவு சீக்கிரம் சரி என்றேன் என்பதுதான் இப்போது நினைத்தால் சுடுகிறது. அந்த ஒரு மணி நேரம் மிஷின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் நான் தூக்கவில்லை. அந்த நிம்மதிக்காகவே அடுத்தடுத்த தடவையும் அனுப்பினேன். மகள் கையில் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியோடு திரும்பி வருவாள். அதுதான் டூட்டிக்குக் கூலி.

கணவருக்கு ஒருநாள் எப்படியோ காதில் விழுந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னார்.

"நாள் கணக்கா லைன்ல குந்திகினு கீறேன். ஒருத்தனையும் முந்தினது கிடையாது."

"நீ ஒரு நாளு தண்ணி புடி, அப்பத் தெரியும்" என்று நான் சீறினேன். எனக்குக் கோபம் மூக்கு மேல்தான் இருக்கும். அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கூழ் வரிசையில் ஒரு தடவை யாரோ ஒருவர் போகிற போக்கில் அவள் மடியில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போனார். வயதானவர், கும்பிட்டுவிட்டு வேறு போனார். மகள் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் இறக்கி அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அதை எடுத்துக் கோயில் உண்டியலில் போட்டேன், போட்டால் சரியாகிவிடும் என்பது போல. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"நான் சோக்கா பண்ணேனா?"

"சோக்கா பண்ண" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பேட்டரி வீல்சேர் பற்றிய செய்தி பள்ளிக்கூடத்து டீச்சர் மூலம் வந்தது. விம்கோ நகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். கையால் பிடியை அசைத்து வண்டியைத் தானே ஓட்ட முடிகிற பிள்ளைகளுக்கு மட்டும் பேட்டரி வண்டி, மற்றவர்களுக்குச் சாதாரண வீல்சேர். டாக்டர் பார்த்து முடிவு செய்வார். அன்றைக்கு மகள் தூங்கவே இல்லை.

"நீ இல்லாம கடைக்குப் போவணும்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"முட்டை போண்டா வாங்க."

"ஏன், நான் வாங்கித் தர மாட்டேனா?"

"நீ வாங்கினா அது நீ வாங்கினது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி. என் இடுப்பும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வகுப்புக்குப் போகிற பள்ளிக்கூடம் இன்னும் தள்ளி இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் தின்றுபோட்ட சாலையோரத்தில், வளர்ந்துவிட்ட பெண்ணை இன்னும் எத்தனை காலம் தள்ளுவேன்? இந்த வண்டி கிடைத்தால் அவளுக்கு ஒரு தெருவாவது சொந்தமாகும். கிடைக்காவிட்டால் அந்த ஜன்னலும் தெரு வம்பும்தான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய லாரி கியர் குமிழைக் கொண்டுவந்தார். ஒரு பலகையில் ஸ்பிரிங் வைத்து அதைப் பொருத்தி வீல்சேரின் வலது கைப்பிடியில் கட்டிவிட்டார். அவள் குமிழை எந்தப் பக்கம் சாய்க்கிறாளோ அந்தப் பக்கம் அவர் பின்னாலிருந்து தள்ளுவார். வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் தெருவில் இதே வேலை. முன்னால் தள்ளினால் ஓடுவார், பின்னால் இழுத்தால் பின்வாங்குவார், விட்டால் நிற்பார். பின்னால் வருகிற நேரத்தில் லாரி கிளீனர் மாதிரி கத்துவார்: "வா வா வா... ரைட்டு ஒடி... இன்னும் ஒடி... ஓல்டான்!" மீன் கூடைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் அவள் வண்டியை விரல்கடை இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்துவாள். அப்பாவை ஓட்டுகிற பெண் என்று தெருவே பார்த்துச் சிரித்தது.

முகாம் நாளில் கணவர் லாரியோடு துறைமுக வரிசையில் மாட்டிக்கொண்டார். நானும் கீழ் வீட்டு அக்காவும் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மண்டபத்தில் முந்தின கல்யாணத்தின் பூ அலங்காரம் பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே ஒரு மேஜை, டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பளபளவென்று ஒரு பேட்டரி வண்டி. அதை ஓட்டிக் காட்டுவதற்காகப் பிளாஸ்டிக் வாளிகளை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். மகளின் கண் அந்த வண்டியை விட்டு நகரவில்லை.

அங்கேயும் வரிசைதான். ஆனால் வீல்சேரைப் பார்த்து வழிவிட அங்கே யாரும் இல்லை, எல்லோரும் வீல்சேரோடு வந்தவர்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண், அவளுடைய சின்ன மகளோடு. அந்தக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அந்தப் பெண்ணின் தோளிலும் ஒரு துண்டு. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று வழக்கமான பேச்சு பேசினோம். தலைக்கு முட்டுக் கொடுத்த வண்டி கேட்க வந்திருப்பதாகச் சொன்னாள்.

"உன் பொண்ணு நல்லா பேசுதே. அதுவே பெரிசுக்கா" என்றாள். நான் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். ஆசையிலும் படபடப்பிலும் மகளுக்கு எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மேஜைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். டாக்டரம்மா நிமிர்ந்து சிரித்தார். என் கை துண்டை எடுத்து மகளின் வாயைத் துடைத்தது.

தலை விழுந்தது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. முன்னால் மேஜை, பின்னால் வரிசை, துண்டு தோளிலிருந்து இறங்கிவிட்டது. டூட்டி பார்த்தால்தான் கேட்டது கிடைக்கும் என்று பழகியவளுக்கு வேறு என்ன தோன்றும்?

"பாப்பா, உன் பேர் என்ன?" பதில் இல்லை. "என் விரலைப் பிடி பார்க்கலாம்." வலது கை சுருண்டு மடியில் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கீழ் வீட்டு அக்கா முந்திக்கொண்டாள். பாவப்பட்டால் பெரிய வண்டியாகக் கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு.

"அதுக்கு ஒண்ணுமே முடியாதுங்கம்மா. எல்லாத்துக்கும் ஆளு வோணும். பெத்தவ படற பாடு கீதே, பகவானுக்கே பொறுக்காது."

டாக்டரம்மாவின் முகம் இளகியது. "தலையே நிக்கலையேம்மா" என்றார் என்னிடம். "கையும் பிடிக்க மாட்டேங்குது. இவளுக்கு பேட்டரி வண்டி கொடுத்தா ஆபத்து. தலைக்கு சப்போர்ட் வெச்ச சாதா வண்டி தரச் சொல்றேன், என்ன?"

"ஏய், நேரா குந்து" என்று நான் அவள் காதோரம் கிசுகிசுத்தேன். ஒரு கண் கொஞ்சம் திறந்தது. கண்ணடித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. நானும் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வரலாமா என்று யோசித்தேன். அதற்குள் அடுத்தவர்களை வரச் சொல்லிக் கை காட்டிவிட்டார்கள். மேஜையை விட்டு நகர்ந்தால் முடிவு முடிந்ததுதான். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நடிக்குதுங்க!"

"என்னம்மா?"

"நடிக்குது மேடம். தலையெல்லாம் நல்லா நிக்கும். கையும் புடிக்கும். வரிசைல முன்னால போறதுக்கோசரம் நாந்தான்... இப்டி பண்ணா வழி வுடுவாங்கன்னு..." 

 அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ "அடிப்பாவி" என்றார்கள். இன்னொருவர் சிரித்தார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, திட்டு வாங்கவும் திருப்பித் திட்டவும் தெரிந்தவள்தான் நான். திரும்பிப் பார்த்ததுதான் தப்பாகிவிட்டது.

பின்னால் நின்ற அந்தப் பெண் தன் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை அப்படியே நின்றிருந்தது. அவள் என் மகளின் தொங்குகிற தலையைப் பார்த்தாள், அப்புறம் தன் மகளின் தலையைப் பார்த்தாள். அதே இடது பக்கம். அதே நாக்கு நுனி. நாங்கள் இத்தனை நாள் தண்ணீருக்கும் பாமாயிலுக்கும் கூழுக்கும் போட்டுக்கொண்ட வேஷம் அந்தக் குழந்தையின் முகம். அவள் குழந்தையின் முகம் எங்களுக்குத் தெரியாதபடி வண்டியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

நான் துண்டைப் பைக்குள் திணித்தேன். மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"டூட்டி முடிஞ்சிச்சிம்மா" என்றேன். "தலையத் தூக்கு."

மெதுவாகத் தலை நிமிர்ந்தது. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரை, மண்டபத்தை, திரும்பிப் பின்னால் நின்ற குழந்தையை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வலது கையைத் தூக்கிச் சட்டைக் கையில் தானே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மகளிடம்தான் கேட்டார். "ஏன் பாப்பா அப்படிப் பண்ணினே?"

மகள் இழுத்து இழுத்து ஒன்று சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றா?" என்று என்னைப் பார்த்தார். அவள் பேச்சை எடுத்துச் சொல்வது என்னுடைய வேலை, எல்லா இடத்திலும் நான்தான் சொல்வேன். அதையும் அத்தனை பேர் முன்னால் நானே சொன்னேன்.

"நேரா குந்தினா யாரு வழி வுடுவாங்கன்னு கேக்குதுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து, மகளைப் பேட்டரி வண்டியில் உட்கார்த்தச் சொன்னார். அவள் குமிழைத் தொட்டதும் வண்டி ஒரு தடவை உதறிவிட்டு நின்றது. அப்புறம் வாளிகளுக்கு நடுவில் வளைந்து போனது. ஒரு வாளியைக்கூட இடிக்கவில்லை. பின்னால் வரும்போது அவள் வாய்க்குள் முனகியது எனக்கு மட்டும் கேட்டது. "வா வா வா... ரைட்டு ஒடி... ஓல்டான்." பேட்டரி வண்டிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. அழுதேன், யார் பார்த்தாலும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வெளியே போகும்போது அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு பழைய வீல்சேரை வேகமாகத் தள்ளினேன். மகள் வலது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். 'சாரி ஆன்ட்டி' என்பது அவள் வாயில் வேறு மாதிரிதான் வரும். நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"புரிஞ்சுது" என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்க்காமல். "போங்க."

திரும்பி வரும் வழியில் கீழ் வீட்டு அக்கா உம்மென்று வந்தாள். வீடு நெருங்கும்போது, "அவ்ளோ பேரு எதிர்லயா சொல்லுவ? என்னிய வேற லூசு மாதிரி பேச வுட்டுட்ட" என்றாள். அதற்குப் பிறகு பாப்பாவை இரவல் கேட்டு அவள் வந்ததில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. கணவரிடம் நானே சொன்னேன். அவர் வழக்கம்போல நிமிராமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ரிவர்ஸ் நல்லா எடுத்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். அதற்கும் வரிசை இருக்கிறது.

போன வாரம் தண்ணீர் லாரி வந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது வரிசை நீண்டுவிட்டது. கடைசியில் நின்றோம். மகள் முதுகை நேராக வைத்து, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காருவது அவளுக்குச் சும்மா வருவதில்லை, கொஞ்ச நேரத்தில் தோள் நடுங்க ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு குடம்கூட நகரவில்லை. முகாமில் அவள் கேட்ட கேள்விக்குத் தெரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அப்படிச் சொல்ல வைத்தவள் நான்.

லாரிக் குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் நிறைய குடங்கள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அவளைக் குளிப்பாட்ட வேண்டும், பட்டை மாட்டிய காலைக் கழுவ வேண்டும். என் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வேர்த்துச்சின்னா தொடச்சிக்கோம்மா" என்றாள். "நான் பண்ண மாட்டேன்."

அன்றைக்கு மேகம் மூடியிருந்தது. கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்க்கவே இல்லை. இருந்தாலும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.